அணையை நிறுத்திய மீன் 'தனி இனமே இல்லை'யா? கணக்கு வேறு கதை சொல்கிறது

முழுசா வளர்ந்தாலும் 9 செ.மீ. அளவுதான். தெளிந்த ஓடுநீரில், கூழாங்கல் படுகையை ஒட்டிக் கிடந்து நத்தைகளைத் தின்னும். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்த 'ஸ்னெயில் டார்ட்டர்' மீன், 2025 ஜனவரியில் மறுபடி செய்தியில் வந்தது. இது தனி இனமில்லை, ஏற்கெனவே தெரிந்த 'ஸ்டார்கேசிங் டார்ட்டர்' மீனின் கிழக்குப் பகுதிக் கூட்டம்தான் என்று யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் நியர் குழு சொன்னது. அப்போ, இல்லாத ஒரு இனத்துக்காகவா அணையை நிறுத்தினாங்க?

கொஞ்சம் பின்னால போவோம். லிட்டில் டென்னசி ஆற்றில் டெலிகோ அணை வேலை 1967-ல் தொடங்கியது. 1973 ஆகஸ்டில் விலங்கியலாளர் டேவிட் எட்னியர் அங்கே இந்த மீனைக் கண்டார். அந்த டிசம்பரிலேயே அழிவு அபாயத்தில் உள்ள உயிரினங்களுக்கான சட்டம் வந்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் மீன் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் 10 கோடி டாலருக்கு மேல் செலவாகி, அணை கிட்டத்தட்ட முடிந்திருந்தது. கேட்கவே அபத்தமாகத்தான் இருக்கும்.

அதற்கு அப்புறம் நடந்ததைப் பலரும் சொல்வதில்லை. விலக்கு தரும் அதிகாரத்தோடு ஒரு உயர்மட்டக் குழுவை நாடாளுமன்றம் அமைத்தது. 'கடவுள் குழு' என்பது அதன் பட்டப்பெயர். 1979 ஜனவரியில் அந்தக் குழு ஒருமனதாகக் கைவிரித்தது. காரணம் மீன் இல்லை, பணம். அதுவரை போட்டதை விட்டுத்தள்ளி, மீதி வேலைக்கான செலவையும் கிடைக்கிற பலனையும் வைத்துப் பார்த்தாலும் அணை கட்டுப்படியாகவில்லை. "இவ்வளவு போட்டாச்சே, முடிச்சிடலாம்" என்று நம்ம ஆபீஸில் இழுக்கிற புராஜெக்ட் மாதிரிதான்.

டெலிகோ அணையில் மின் டர்பைன்கூட கிடையாது; பக்கத்து ஃபோர்ட் லவுடன் அணைக்குத் தண்ணீரைத் திருப்பிவிடும், அவ்வளவுதான். எடுத்த நிலம் சுமார் 38,000 ஏக்கர், நீரில் மூழ்கியதோ அதில் பாதிக்கும் குறைவு. மீதியில் பெரும்பகுதி வீட்டுமனை, தொழிற்பேட்டைக்கு. என்னைக் கேட்டால், வழக்கின் மையமே இந்த நிலக் கணக்குதான்.

கடைசியில் ஒரு நிதி மசோதாவுக்குள் விலக்கைச் செருகி நிறைவேற்றினார்கள். 1979 நவம்பரில் மதகுகள் மூடப்பட்டன. செரோக்கி பழங்குடிகளின் பழைய ஊரான டனாசி இருந்த இடம் மூழ்கியது. மாநிலத்தின் பெயரும், மீனின் அறிவியல் பெயரில் உள்ள 'டனாசி'யும் அந்த ஊரிலிருந்து வந்தவை.

மீன் தப்பியது. ஹைவாசி போன்ற வேறு ஆறுகளில் விட்டார்கள், சில இடங்களில் புதிதாகவும் தென்பட்டது. 2022-ல் பாதுகாப்புப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டதால், புதிய ஆய்வால் அதன் சட்ட நிலை மாறப்போவதில்லை. தனி இனமாக இல்லாவிட்டாலும், தனித்து வாழும் ஒரு மீன் கூட்டத்தைப் பாதுகாக்க அந்தச் சட்டத்தில் இன்றும் இடம் இருக்கிறது.