கருப்பை அகப்படலப் புற்றுநோய்: மூலக்கூறு வகைப்பாடு எதை மாற்றுகிறது?

பன்னாட்டு மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோ, கருப்பை அகப்படலப் புற்றுநோயின் நிலைகளை வரையறுக்கும் முறையை 2023ஆம் ஆண்டில் திருத்தியமைத்தது. அதற்கு முன்னர், கட்டி எதுவரை பரவியுள்ளது என்பதே நோயின் நிலையைத் தீர்மானித்தது. தற்போது, பரிசோதனை வசதி உள்ள இடங்களில் கட்டியின் மூலக்கூறு இயல்பும் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. ஒரே அளவு பரவிய கட்டியுடைய இரு பெண்களுக்கு வெவ்வேறு சிகிச்சை தேவைப்படலாம் என்பதே இத்திருத்தத்தின் சாரம்.

நோய் உருவாகும் விதம்

கருப்பையின் உட்புறத்தை மூடியுள்ள அகப்படலம், ஈஸ்ட்ரோஜனால் வளர்கிறது. புரோஜெஸ்டிரோன் அவ்வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. உடற்பருமன் உள்ளோரிடம் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனை உருவாக்குகிறது. சினைப்பை நீர்க்கட்டி நோயில் கருமுட்டை முறையாக வெளியேறாததால் புரோஜெஸ்டிரோன் குறைகிறது. இவ்விரு சூழல்களிலும் வளர்ச்சித் தூண்டல் தடையின்றித் தொடர்கிறது.

செல்லினுள் இத்தூண்டலைக் கடத்தும் முக்கியப் பாதை பி.ஐ.3.கே. – ஏ.கே.டி. – எம்டார் என்பதாகும். இன்சுலினும் இப்பாதையைத் தூண்டுகிறது. பி.டென் என்னும் புரதம் இதற்குத் தடுப்பானாகச் செயல்படுகிறது. இந்நோயின் மிகப் பொதுவான வகையில், பெரும்பாலான கட்டிகளில் பி.டென் மரபணு பழுதடைந்துள்ளது. தடுப்பான் செயலிழந்த செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன.

நான்கு வகைகள்

2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் தொகுதித் திட்டம் 373 கட்டிகளை ஆராய்ந்து, இந்நோயை நான்காகப் பிரித்தது. அதன் அடிப்படையில் இன்று பின்பற்றப்படும் வகைகள்:

1. பி.ஓ.எல்.இ. மரபணு மாற்றமுள்ளவை: மாற்றங்கள் மிகுதியாக இருப்பினும், குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.
2. டி.என்.ஏ. பிழைதிருத்தக் குறைபாடுள்ளவை: இவற்றில் ஒரு பகுதி, லின்ச் நோய்த்தொகுதி என்னும் பரம்பரைக் குறைபாட்டால் வருபவை.
3. பி53 புரதம் இயல்பு மாறியவை: விரைந்து பரவும் தன்மையுடையவை.
4. மேற்கூறிய எந்த அடையாளமும் இல்லாதவை: எண்ணிக்கையில் மிகுந்த பிரிவு.

சிகிச்சையில் விளைவு

புதிய முறைப்படி, கருப்பையைத் தாண்டாத பி.ஓ.எல்.இ. வகைக் கட்டி முதல் நிலையின் தொடக்கப் பிரிவிலும், தசைச் சுவரினுள் ஊடுருவிய பி53 வகைக் கட்டி இரண்டாம் நிலையிலும் வைக்கப்படுகின்றன. இதன் அடிப்படை வலுவானது. போர்டெக்-3 ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்ற பி53 வகை நோயாளிகளுள் 36 விழுக்காட்டினரே ஐந்தாண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தனர். வேதிச்சிகிச்சையும் சேர்த்துப் பெற்றோரிடம் இது 59 விழுக்காடாக உயர்ந்தது. பி.ஓ.எல்.இ. வகையினர் எச்சிகிச்சை பெற்றபோதும் ஏறக்குறைய அனைவரும் நலமாக இருந்தனர். ஆகவே, வகை அறியாமல் சிகிச்சை அளித்தால் ஒருவருக்குத் தேவையற்ற பக்கவிளைவுகளும் மற்றொருவருக்குப் போதாத சிகிச்சையும் நேரக்கூடும்.

பிழைதிருத்தக் குறைபாடுள்ள, முற்றிய நோய்க்கு வேதிச்சிகிச்சையுடன் டோஸ்டார்லிமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தை அளிக்க, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2023 ஜூலையில் ஒப்புதல் அளித்தது.

பரிசோதனை எட்டாததன்று

பி53 புரதத்தையும் பிழைதிருத்தப் புரதங்களையும் திசு நோய்க்குறியியல் ஆய்வகங்களில் நிறமேற்றும் சோதனையாலேயே கண்டறியலாம். பி.ஓ.எல்.இ. மாற்றத்திற்கு மட்டும் மரபணு வரிசைச் சோதனை தேவை. முழு வசதி இல்லை என்பதற்காக எளிய சோதனைகளையும் தவிர்க்கலாகாது. லின்ச் நோய்த்தொகுதி உறுதியானால், உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் மரபியல் ஆலோசனை பெற வேண்டும். அவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பும் கூடுதலாக இருக்கலாம்.

பொதுமக்கள் கவனத்திற்கு

• மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தப்போக்கு ஏற்பட்டாலும் மருத்துவரை அணுகவும். இந்நோயுள்ள பெண்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு இயல்பற்ற இரத்தப்போக்கு காணப்படுகிறது.
• இத்தகைய இரத்தப்போக்கு உள்ளோரில் ஏறத்தாழ நூற்றில் ஒன்பது பேருக்கே இப்புற்றுநோய் இருக்கும். எனவே அச்சம் வேண்டா, தாமதமும் வேண்டா.
• பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கான சோதனை. அது இயல்பாக இருப்பதால் அகப்படல நோய் இல்லை எனக் கருத இயலாது. இதற்கு ஸ்கேனும் தேவைப்படின் திசுப் பரிசோதனையும் செய்யப்படும்.
• நோய் உறுதியானவர்கள், பி53 மற்றும் பிழைதிருத்தப் புரதச் சோதனைகள் செய்யப்பட்டனவா என மருத்துவரிடம் கேட்டறியவும்.