சாங்கிக் கடற்கரையில் ஒரு தண்ணீர்ப் பந்தல்

நம் மலேசிய மண்ணிலும் சரி, சிங்கப்பூரிலும் சரி, கோடை காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. பன்னிரண்டு மாதமும் வெயில், பன்னிரண்டு மாதமும் மழை. விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று மரம் சீவப் போகிற நம் மக்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கென்று ஒரு கோடை உண்டு. சிங்கப்பூரில் அது ஜூன் மாதம். நான்கு வாரம் பள்ளிக்கூடம் மூடியிருக்கும். அந்த நான்கு வாரத்தில் மாதா கோயில்களிலும் மற்ற தேவாலயங்களிலும் பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, விளையாட்டு, கைவேலை என்று ஒரே கலகலப்பாக இருக்கும். விடுமுறை வேதாகமப் பள்ளி என்று அதற்குப் பெயர். முடிகிற நாளில் பஸ் பிடித்து எல்லாரும் சாங்கிக் கடற்கரைக்குப் போவார்கள்.

அப்படி ஒரு ஜூன் ஞாயிற்றுக்கிழமை நாமும் சாங்கியில் இருந்தோம். உறவுக்காரப் பிள்ளை ஒன்று சங்கீதம் பாடுகிறது என்று கூப்பிட்டார்கள், போனோம். மரத்தடியில் பாய் விரித்து, அண்டாவில் சோறும் பெரிய வாளியில் சிரப் தண்ணியும் வைத்திருந்தார்கள். கொஞ்ச தூரத்தில், பூட்ஸைக் கழற்றாமல் நான்கைந்து வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சைக் கேட்டதுமே தெரிந்தது, தஞ்சாவூர் பக்கம், புதுக்கோட்டை பக்கம். கட்டுமான வேலைக்கு வந்த பிள்ளைகள். அவர்கள் கூட்டத்தைப் பார்த்தார்கள். கூட்டம் அவர்களைப் பார்த்தது. யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரு பாட்டியம்மா எழுந்து, "ஏன் தம்பி அங்கேயே உக்காந்திருக்கீங்க? வாங்க, தண்ணி குடிங்க" என்றார். அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் அவர்கள் பிள்ளைகளோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

இன்று நாம் எழுத நினைப்பது அந்தப் பாட்டியம்மாவின் வேலையைப் பற்றித்தான்.

விடுமுறை வேதாகமப் பள்ளி எப்படிப் பிறந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1898-ல் நியூயார்க் நகரத்தின் கிழக்குப் பகுதியில் ஹாஸ் என்ற அம்மையார் ஒரு மதுக்கடைக் கூடத்தை வாடகைக்கு எடுத்து அதைத் தொடங்கினார். காரணம் என்ன? அந்தப் பகுதியெல்லாம் பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளிகளின் குடியிருப்பு. தாய் தகப்பன் வேலைக்குப் போய்விட, வெயில் காலத்தில் பிள்ளைகள் தெருவிலே திரிந்தார்கள். அந்தத் தெருப் பிள்ளைகளுக்காக எழுந்த பள்ளி அது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுது போக்க வந்ததல்ல. ஊர் விட்டு ஊர் வந்து உழைத்தவர்களின் பிள்ளைகளுக்காக வந்தது.

சிங்கப்பூரின் மாதா கோயில் சரித்திரமும் இதையே சொல்கிறது. பியர் பாரிஸ் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சீனமும் தமிழும் கற்று, இரண்டு கூட்டத்தாருக்கும் ஊழியம் செய்தார். 1870-ல் எழுந்த புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் கும்பிட்டார்கள். பிறகு 1888-ல் ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா கோயில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகத் திறக்கப்பட்டது. சிராங்கூன் ரோட்டுக்கு நடை தூரம். இன்றைக்கும் அங்கே தமிழில் பூசை நடக்கிறது. 2005-ல் அரசாங்கம் அதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. கட்டடத்துக்குக் கிடைத்த மரியாதை நல்லதுதான். ஆனால் அந்தக் கோயிலின் பெருமை சுண்ணாம்பிலும் கல்லிலும் மட்டும் இல்லை. கடல் தாண்டி வந்தவனுக்குத் தன் பாஷையில் ஒரு வார்த்தை கிடைத்த இடம் அது என்பதில்தான் அதன் பெருமை இருக்கிறது.

இப்போது கேள்விக்கு வருவோம். பங்கு மக்கள் வெளியே வந்து தொழிலாளிக்குக் கை கொடுப்பது என்றால் எது?

முதல் படி, சோறும் தண்ணீரும். பசித்தவனிடம் சட்டம் பேசிப் பயனில்லை. இரண்டாவது படி, மருந்தும் படிப்பும். 2006-ல் டாக்டர் கோ வெய் லியோங் என்ற கிறிஸ்துவர் தொடங்கிய ஹெல்த்சர்வ் கிளினிக்கில் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். கத்தோலிக்க மறைமாவட்டமும் 1998-ல் இவர்களுக்காகவே ஓர் ஆணைக்குழு அமைத்தது. மூன்றாவது படி, உரிமை. இங்கேதான் பல பேருக்குக் கால் தயங்கும். அந்த ஆணைக்குழுவில் உழைத்த பிரிட்ஜெட் லியூ அம்மையார் தயங்கவில்லை. சம்பளம் கிடைக்காதவர்களுக்கும் அடிபட்ட வீட்டுப் பணிப்பெண்களுக்கும் தங்க இடமும் வழக்குக்குத் துணையும் கொடுக்க 2004-ல் 'ஹோம்' அமைப்பைத் தொடங்கினார்.

மூன்றாவது படியில் ஏறுகிறவர்களுக்குச் சோதனை வராமல் இருந்ததில்லை. 1980-களில் கேலாங்கில் ஒரு கத்தோலிக்க நிலையம் வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்குப் புகலிடமாக இருந்தது. 1987 மே, ஜூன் மாதங்களில் 22 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானார்கள். அவர்களில் திருச்சபைச் சமூக ஊழியர்களும் இருந்தார்கள். மார்க்சியச் சதி என்றது அரசாங்கம். இல்லவே இல்லை என்று அவர்களில் பலர் பிறகு மறுத்தார்கள். அந்த ஆண்டிலேயே கேலாங் நிலையமும் மூடப்பட்டது. பழைய புண்ணைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை. சோறு போட்டால் தர்மவான் என்பார்கள், சம்பளச் சீட்டு எங்கே என்று கேட்டால் கலகக்காரன் என்பார்கள். தோட்டத்திலே சங்கம் கட்டிய நமக்கு இந்தப் பேச்சு புதிதா?

சாங்கியில் இன்று இந்தக் கேள்வி வெயிலைப் போலச் சுடுகிறது. விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்துக்கு 2025 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். அடுத்த பல வருடங்களுக்கு அந்த வெட்டவெளியில் ஆயிரக்கணக்கான கைகள் கம்பி கட்டும், சிமெண்டு ஊற்றும். வெயிலுக்கென்று சட்டம் இல்லாமல் இல்லை. 2023 அக்டோபரில் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு விதி கொண்டுவந்தது. சூடு, காற்றின் ஈரம், வெயில் எல்லாம் சேர்த்து அளக்கிற கருவி ஒன்று உண்டு. கட்டுமானம் போன்ற வேலை இடங்களில் மணிக்கொரு முறை அதைப் பார்க்க வேண்டும். 32 டிகிரி காட்டினால், கடுமையான வேலை செய்கிறவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு. 33 ஆனால் 15 நிமிடம். புதிதாக வந்தவரை முதல் நாளே முழு வெயிலில் நிறுத்தக் கூடாது. குறைந்தது 7 நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது. ஆனால் புதுக்கோட்டைத் தம்பிக்கு அது தெரியுமா? தெரிந்தாலும் மேற்பார்வையாளரிடம் வாய் திறப்பானா? இந்த இடத்தில்தான் கோயிலும் சங்கமும் தேவைப்படுகின்றன. ஜூன் மாதம் பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக் கொடுக்கிறீர்களே, இந்த விதிகளைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதவையுங்கள். பூசை முடிந்து வருகிற ஒவ்வொரு தொழிலாளி கையிலும் பிள்ளைகளே கொடுக்கட்டும். கொடுக்கிற பிள்ளைக்கு நீதி என்றால் என்னவென்று அன்றைக்கே புரிந்துவிடும். அது வேதபாடத்துக்குக் குறைந்த பாடம் அல்ல.

நம் வாசகர்களில் பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் கும்பிடுகிறவர்கள். "அங்க போனா மதம் மாத்திடுவாங்க, நம்ம பிள்ளைய அனுப்பாதீங்க" என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. அதனால் பங்கு மக்களுக்கு ஒன்று சொல்வோம்: சோற்றுக்கும் மருந்துக்கும் விலையாக எந்தத் தலையையும் தண்ணீரில் நனைக்காதீர்கள். நம்மவர்களுக்கும் ஒன்று சொல்வோம்: அந்தப் பாட்டியம்மா தண்ணீர் கொடுத்தபோது நெற்றியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. சாங்கி கிராமத்திலேயே ராமர் கோயில் இருக்கிறது. அதன் வாசலும் இந்த வாலிபர்களுக்குத் திறந்திருக்க வேண்டும், நம் சங்க வாசலும் திறந்திருக்க வேண்டும். யார் முதலில் தண்ணீர் கொடுப்பது என்று போட்டி வரட்டுமே! அது நல்ல போட்டிதான்.

சாங்கிக்குப் போகிறவர்கள் அங்குள்ள சிற்றாலயத்தையும் பார்க்காமல் திரும்பக் கூடாது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேரை ஜப்பானியர் சாங்கியில் அடைத்தார்கள். பட்டினியிலும் அவர்கள் கிடைத்த பலகையை வைத்துக் கோயில் கட்டினார்கள். அவற்றின் நினைவாக எழுந்தது இன்றைய சிற்றாலயம். உள்ளே நின்றபோது நமக்கு வேறொரு கூட்டமும் நினைவுக்கு வந்தது. சாங்கிக் கைதிகளை சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதே பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தாத்தாக்களையும் பாட்டிகளையும் ஆயிரமாயிரமாகக் கொண்டுபோனார்கள். சிப்பாய்களுக்குக் கணக்கு இருந்தது, கல்லறையில் பெயர் இருக்கிறது. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் எழுதிய கல் கூட இல்லை. பெயர் தெரியாமல் உழைத்துப் பெயர் தெரியாமல் சாவது நம் சனத்தோடு முடிந்துபோகட்டும். அதே சாங்கியில் இன்று கம்பி கட்டுகிறவனுக்கு அந்தக் கதி வரக் கூடாது.

தோட்டத்துத் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் கடைசியாகச் சில வார்த்தை. தோட்டம் துண்டாடப்பட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பிறகு அதுவும் வீட்டு நிலமாக மாறிய பிறகு, ஜொகூர் பாலம் தாண்டி வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம் வீட்டிலும் உண்டு. புறப்படுமுன் இதைச் சொல்லி அனுப்புங்கள். வேலை அனுமதிக்கு முன் வரும் கடிதத்தில் சம்பளம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதைப் பத்திரமாக வை. 2016 ஏப்ரலிலிருந்து சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை, கேட்டு வாங்கு. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் பணம் வர வேண்டும். பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை இல்லை. வேலையில் அடிபட்டால் மறைக்காதே. நஷ்டஈடு கேட்க ஒரு வருடம்தான் தவணை.

நாம் படித்தது தோட்டப் பள்ளிக்கூடத்தில். மாதம் ஒருமுறை பாதிரியார் மோட்டார் சைக்கிளில் வந்து ஆயக்கொட்டகையில் பூசை வைப்பார். கும்பிட வந்தவர் பத்துப் பேர். ஆனால் கடிதம் எழுதித் தரச் சொல்லி வரிசையில் நின்றவர் ஐம்பது பேர், அதில் பாதி நெற்றியில் திருநீறு. அவர் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. அந்தக் கடிதங்களில் ஒன்று, நம் தாயாருக்கு வர வேண்டிய பிரசவ காலச் சம்பளத்தைக் கேட்டு எழுதியது. பணம் வந்தது. சங்கம் என்றால் என்ன என்பதை நாம் முதலில் கண்டது அன்றைக்குத்தான்.

அடுத்த ஜூனில் சாங்கிக்குப் போகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் சிரப் வாளியோடு அந்தத் தாளும் போகட்டும். தண்ணீர் தாகத்தைத் தீர்க்கும். தாள் நாளைய தாகத்தைத் தடுக்கும். இரண்டும் வேண்டும், தோழர்களே!