கரைதட்டிய கப்பலும் சுண்டல் பொட்டலமும்

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய வேலை எதுவும் கிடையாது. மணலில் உட்காருவது, சுண்டல் கொறிப்பது, கடலைப் பார்ப்பது... அவ்வளவுதான். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிக்குள் சாப்பாட்டுக்கே திண்டாடும் மனிதர்கள் இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

2012 அக்டோபர் 31 அன்று அப்படி ஒரு புள்ளி கரைக்கே வந்துவிட்டது. நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த அன்று, பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பலை நங்கூரத்தால் பிடித்து நிறுத்த முடியவில்லை. கப்பல் காற்றில் அடித்துக்கொண்டு வந்து எலியட்ஸ் கடற்கரைக்குப் பக்கத்தில் தரைதட்டியது. உள்ளே 37 பேர். அவர்களில் 22 பேர் உயிர்காக்கும் படகில் இறங்கினார்கள். படகு அலையில் கவிழ்ந்தது. பக்கத்துக் குப்பத்து மீனவர்கள் கொந்தளிக்கும் கடலில் குதித்து முடிந்தவரை காப்பாற்றினார்கள். அப்படியும் 6 உயிர்கள் போயின. கப்பலிலேயே தங்கிவிட்ட மற்றவர்களை மறுநாள் ஹெலிகாப்டர் மீட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை! நவம்பர் 11-ல் கப்பலைக் கடலுக்குள் இழுத்துப் போகும்வரை அங்கே திருவிழாக் கூட்டம். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். செல்போனில் படம் எடுத்தார்கள். சுண்டல், ஐஸ்கிரீம் வியாபாரம் அமோகம்.

வேடிக்கை பார்த்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவ்வளவு பெரிய கப்பல் கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? "இது எப்படிங்க இங்க வந்துச்சு?" என்று எல்லோரும் கேட்டார்கள். "புயல்" என்ற ஒரே வார்த்தையில் பதில் முடிந்துவிட்டது. தப்பு அங்கேதான்.

புயல் வருகிறது என்றால் நங்கூரத்தில் நிற்கும் கப்பல்கள் எஞ்சினை ஓட்டி ஆழ்கடலுக்குப் போய்விடுவதுதான் வழக்கம். கரைக்குப் பக்கத்தில் நிற்பதுதான் ஆபத்து. ஆனால் எஞ்சின் ஓட எண்ணெய் வேண்டுமே! அந்தக் கப்பலில் எரிபொருளும் இல்லை, உணவும் குடிநீரும்கூடத் தட்டுப்பாடு என்று அப்போதே செய்திகள் வந்தன. அப்படியானால் அது புயல் அன்று கைவிடப்பட்ட கப்பல் இல்லை. புயலுக்குப் பல நாள் முன்பே கைவிடப்பட்டது.

இப்போது சட்டம் இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. இரண்டு மாதம் சம்பளம் தராவிட்டாலோ, உணவும் தண்ணீரும் தராவிட்டாலோ மாலுமிகள் கைவிடப்பட்டவர்களாகக் கருதப்படுவார்கள். அவர்களை ஊருக்கு அனுப்ப முதலாளி முன்கூட்டியே காப்பீடு எடுத்திருக்க வேண்டும் என்ற விதி 2017 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

சந்தோஷம்தான். ஆனால் அதே 2017-ல்தான் எகிப்தில் அமான் என்ற சரக்குக் கப்பல் சிறைபிடிக்கப்பட்டது. கப்பலுக்கு நீதிமன்றம் பொறுப்பாளி ஆக்கியதால், சிரியாவைச் சேர்ந்த அதிகாரி ஒருவர் 2021 ஏப்ரல் வரை ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டார். கடைசியில் கப்பலில் அவர் தனி ஆள். 2020-ல் ஒரு புயல் நங்கூரத்தை அறுத்துக் கப்பலைக் கரைப் பக்கம் தள்ளியது. அதன் பிறகுதான் அவரால் நீந்திப் போய்ச் சாப்பாடு வாங்கவும், செல்போனுக்குச் சார்ஜ் போடவும் முடிந்தது. மனிதர்கள் செய்யாத உதவியைப் புயல் செய்திருக்கிறது, பாருங்கள்!

மெர்ச்சண்ட் நேவி என்றால் டாலர் சம்பளம், வெள்ளைச் சீருடை, உலகம் சுற்றல் என்றுதான் கல்லூரிகளில் பேச்சு. லட்சக்கணக்கில் பணம் கட்டிப் படிக்கப் போகிறவர்கள் இந்த இரண்டு கப்பல்களின் கதையையும் தெரிந்துகொண்டு போகட்டும்.

துறைமுகங்கள் செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. நங்கூரத்தில் நிற்கும் ஒவ்வொரு கப்பலிடமும் வாரம் ஒருமுறை கேட்க வேண்டும்: எத்தனை நாளைக்குச் சாப்பாடு இருக்கிறது? எத்தனை நாளைக்கு எண்ணெய் இருக்கிறது? கடைசியாகச் சம்பளம் வந்தது எப்போது? பதில் சரியில்லை என்றால் அன்றைக்கே ஆட்களை இறக்கிவிட வேண்டும். மீட்க ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்கக் கூடாது.