நிஃப்டி எவ்வளவுன்னு தெரியும்… உங்க வார்டு நம்பர் தெரியுமா?



ஒரு சின்ன டெஸ்ட். உங்க மியூச்சுவல் ஃபண்டோட ஃபண்ட் மேனேஜர் யாருன்னு கேட்டா, நம்ம சேனல் பார்க்கிறவங்கள்ல பாதிப் பேர் டக்குனு சொல்லிடுவீங்க. உங்க ஏரியா கவுன்சிலர் யார்? உங்க தெரு எந்த வார்டு? போன வருஷம் உங்க தெருவுக்கு மழைநீர் வடிகால் ஒதுக்கினாங்களா இல்லையா?

பதில் தெரியலைன்னா நீங்க மட்டும் இல்ல. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க சுமார் 60% பேர் ஓட்டுப் போட்டாங்க. சென்னை மாநகராட்சியில் அது 44%-ஐக்கூடத் தொடல. படிச்சவங்க, சம்பளக்காரங்க நிறைஞ்ச ஊர்லதான் இந்த நிலைமை.

"பர்சனல் ஃபைனான்ஸ் பக்கத்துல கவுன்சிலர் கதை எதுக்கு?" என்று கேட்பீங்க. என் கருத்து இதுதான்: புறநகர்ல வீடு வாங்கின, வாங்கப் போற ஒரு சம்பளக்காரருக்கு, பங்குச் சந்தைச் செய்தியைவிட வார்டு செய்திதான் பெரிய பணச் செய்தி. எப்படின்னு கணக்குப் போட்டே பார்ப்போம்.

மொத்தப் பணமும் ஒரே தெருவில்

எஸ்ஐபி போடும்போது எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கோம்! லார்ஜ் கேப், மிட் கேப், கொஞ்சம் தங்கம்னு பிரிச்சுப் போடுறோம். ஒரே ஷேர்ல எல்லாப் பணத்தையும் கொட்டினா "பைத்தியமா?" என்று நாமளே கேட்போம்.

ஆனா 30 வயசுல ரூ.60 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட். அதுல ரூ.48 லட்சம் கடன். 8.5% வட்டி, 20 வருஷம்னா மாச இஎம்ஐ சுமார் ரூ.41,650. நம்ம வாழ்க்கையிலேயே பெரிய முதலீடு ஒரே ஊர்ல, ஒரே தெருவில், ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருக்கு. அந்தத் தெருவைப் பத்தி என்ன முடிவு எடுக்கிறாங்கன்னு மட்டும் நாம பார்க்கிறதே இல்ல.

தாம்பரம் பக்கம் கொஞ்சம் பாருங்க

சென்னையின் தென்புறத்தை எடுத்துக்குங்க. 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆச்சு. மொத்தம் 70 வார்டு. ஆனா ஒட்டியே இருக்கிற முடிச்சூர் அந்த இணைப்பில் சேரல, ஊராட்சியாவே இருந்தது.

விளம்பரத்தில் எல்லாமே "தாம்பரம் மிக அருகில்"தான். மழைத் தண்ணிக்கும் எல்லை தெரியாது. 2015-ல் அடையாறு பெருகி வந்தப்ப மேற்கு தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் சேர்ந்துதான் மூழ்கிச்சு. ஆனா வடிகால் கட்டச் சொல்லி மனு கொடுக்கணும்னா ஒருத்தர் மாநகராட்சிக்குப் போகணும், சில தெரு தள்ளி இருக்கிறவர் ஊராட்சிக்குப் போகணும், ஆத்தைப் பத்திப் பேசணும்னா ரெண்டு பேரும் நீர்வளத் துறைக்குப் போகணும். எந்த ஆபீஸ் கதவைத் தட்டணும்னு தெரியாமலேயே பத்து வருஷம் இஎம்ஐ கட்டுறவங்க நிறைய பேர்.

பள்ளிக்கரணை பக்கம் இன்னொரு கதை. அந்தச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2025 செப்டம்பரில், அதன் எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் புதுக் கட்டட அனுமதி கொடுக்க வேண்டாம்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இடைக்கால உத்தரவு போட்டது. மத்தவங்களுக்கு இது சுற்றுச்சூழல் செய்தி. அங்க ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கட்டிட்டு அனுமதிக்குக் காத்திருந்தவருக்கு அது நேரா பேங்க் பேலன்ஸ் செய்தி.

தெருப் பிரச்சினை எப்படிப் பணப் பிரச்சினை ஆகுது?

*முதல்ல தண்ணியும் கழிவுநீரும்.* புறநகர்ல பல இடத்துக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வரல. குழாய்த் தண்ணியும் போதுமான அளவு இல்ல. ஒரு எடுத்துக்காட்டு. 30 வீடு உள்ள அபார்ட்மென்ட். கோடையில் 100 நாள், தினம் ஒரு தண்ணி லாரி, ஒரு லோடு ரூ.1,800-னு வெச்சுக்குவோம். ரூ.1.8 லட்சம். வாரம் ரெண்டு கழிவுநீர் லாரி, ஒரு தடவைக்கு ரூ.1,500. வருஷத்துக்கு ரூ.1.56 லட்சம். ரெண்டும் சேர்த்து ரூ.3.36 லட்சம். ஒரு வீட்டுக்கு வருஷம் ரூ.11,200, மாசம் சுமார் ரூ.930.

இது நான் எடுத்துக்கிட்ட ரேட். உங்க அசோசியேஷன் கணக்குப் புத்தகத்தை எடுத்து உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க, பல இடத்துல இதைவிட அதிகமா வரும். இதே ரூ.930 மாசா மாசம் எஸ்ஐபி-ல போய், 12% வருமானம்னு வெச்சா, 20 வருஷத்துல சுமார் ரூ.9 லட்சம். ஒரு பைப் லைன் தள்ளிப்போறதோட விலை உங்க ஒரு வீட்டுக்கு மட்டும் இவ்வளவு.

*அடுத்தது ரோடு.* பழைய தாரைச் சுரண்டி எடுக்காம அது மேலேயே புது ரோடு போடுறாங்க. ஒவ்வொரு தடவையும் தெரு உயருது, உங்க வாசப்படி தாழுது. பத்து வருஷத்துல ரோட்டுத் தண்ணி வீட்டுக்குள்ள. அப்புறம் ஜாக்கி வெச்சு வீட்டைத் தூக்கறவங்களைத் தேடி ஓடுறோம், லட்சக்கணக்குல செலவு பண்றோம். இத்தனைக்கும் பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போடணும்னு 2021-லேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கார். உங்க தெருவுல ரோடு போடுற அன்னிக்கு யாராவது ஒருத்தர் அதைக் கேட்டாங்களா? கேள்வி கேட்க ஆகிற செலவு பூஜ்யம்.

*மூணாவது வெள்ளம்.* 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் பார்க்கிங்ல நின்ன கார், பைக் எத்தனை மூழ்கிச்சுன்னு பார்த்தோம். தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வெச்சிருந்தவங்களுக்கு ஒரு ரூபாய்கூட வராது.

"பிடிக்கலைன்னா வித்துட்டுப் போயிடலாம்"

நல்ல யோசனை மாதிரி தெரியும். கணக்கைப் பாருங்க. தமிழ்நாட்டில் பழைய வீட்டைக் கிரயம் பண்ண முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. நீங்க மாறிப் போற அடுத்த வீடு ரூ.60 லட்சம்னா, ரூ.5.4 லட்சம் இதுக்கே போயிடும். புரோக்கர் கமிஷன், பேங்க் புராசஸிங், புது வீட்டு மரவேலை எல்லாம் தனி. போன இடத்திலும் இதே பிரச்சினை இருக்காதுன்னு யார் கேரண்டி?

ஷேர் பிடிக்கலைன்னா ஒரு நிமிஷத்துல வித்துடலாம். வீடு அப்படி இல்ல. வெளியேற லட்சக்கணக்குல ஆகும் இடத்துல, வாயைத் திறந்து கேட்கிறதுதான் மலிவான வழி.

எனக்கு ரொம்ப கோபம் வர்ற விஷயம்

மழை வந்தா சில அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் வரும்: "தண்ணி நிக்கிற வீடியோவை வெளியே ஷேர் பண்ணாதீங்க, ரேட் விழுந்துடும்." உங்களுக்கும் வந்திருக்கும்.

இது புத்திசாலித்தனம் மாதிரி தோணும். ஆனா நடக்கிறது என்ன? புகார் போகாது. புகார் இல்லாத இடத்துக்கு ஃபைல் இல்ல. ஃபைல் இல்லாத இடத்துக்கு நிதி இல்ல. அடுத்த மழையிலும் அதே தண்ணி. பிரச்சினையை மூடி மறைச்சு ரேட்டைக் காப்பாத்துறோம்னு நினைச்சு, பிரச்சினையைத்தான் காப்பாத்துறோம்.

இன்னொண்ணும் இருக்கு. அந்த வீட்டை அடுத்து வாங்கப் போறது யார்? நம்மள மாதிரியே ஒரு 28 வயசுப் பையன், கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு வீடு வாங்கிடணும்னு பிஎஃப்-ஐ எடுத்துட்டு வர்ற ஒரு பொண்ணு. அவங்களை ஏமாத்திக் கிடைக்கிற விலை உயர்வை 'வளர்ச்சி'ன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

சத்தம் போட்டா வேலை நடக்குமா? சிட்லபாக்கம் ஏரியைப் பாருங்க. 2019 கோடையில், குடிதண்ணிக்கே ஊர் தவிச்ச நேரத்தில், குடியிருப்புவாசிகளே ஏரியில் இறங்கிக் குப்பை அள்ளினாங்க, விடாம குரல் கொடுத்தாங்க. அந்த வருஷமே ஏரியைச் சீரமைக்க அரசு ரூ.25 கோடி ஒதுக்கிச்சு. அதோட எல்லாம் தீர்ந்துடல, கழிவுநீர் கலக்கிற பிரச்சினை அதுக்கப்புறமும் பேசப்பட்டது. ஆனா யாரும் வாயே திறக்கலைன்னா அந்த ரூ.25 கோடி வேற எங்கேயோ போயிருக்கும்.

வழக்கமா வர்ற மூணு பதில்கள்

"நான் வாடகைக்குத்தான் இருக்கேன்." தண்ணி லாரிக் காசு மெயின்டனன்ஸ்ல உங்க தலையிலதான் விழுது. மூழ்கிற பைக்கும் உங்களோடதுதான். ஓட்டுப் போட வீட்டுப் பத்திரம் தேவையில்ல.

"எனக்கு நேரமே இல்ல." மூணு மாசத்துக்கு ரெண்டு மணி நேரம் கேட்கிறேன். கிரிக்கெட் மேட்ச் ஒண்ணுக்கு இதைவிட அதிகமா கொடுக்கிறோம்.

"அரசியல் நமக்கு எதுக்கு?" கட்சியில சேரச் சொல்லல. நீங்க வரி கட்டுறீங்க. ரசீது வாங்கின கடையில பொருள் எங்கேன்னு கேட்கிறது அரசியல் இல்ல.

சரி, என்ன பண்ணலாம்?

1. நீங்க யாருக்குக் கீழ வர்றீங்கன்னு பாருங்க. மாநகராட்சியா, நகராட்சியா, ஊராட்சியா? வார்டு எண் என்ன? சொத்து வரி ரசீதுலயே இருக்கும். கவுன்சிலர் நம்பரை போன்ல சேவ் பண்ணுங்க.

2. கூட்டத்துக்குப் போங்க. ஊராட்சியில் இருந்தா கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-ல் நடக்கும். இதில் பாதிக்கு மேல ஆபீஸ் லீவு நாள்தான்! நகரத்தில் இருந்தா பகுதி சபா இருக்கு. 2022 நவம்பர் 1-ல் பம்மல்ல நடந்த பகுதி சபா கூட்டத்தில் முதலமைச்சரே உட்கார்ந்தார். கோரிக்கையை எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்க. பேச்சு காத்தோட போயிடும்.

3. ஆர்டிஐ போடுங்க. கட்டணம் ரூ.10, பதிலுக்கு 30 நாள். நீளமா புலம்ப வேண்டாம். "எங்கள் தெருவுக்குக் கடந்த 3 ஆண்டுகளில் சாலை, வடிகாலுக்காகச் செலவான தொகை எவ்வளவு? ஒப்பந்ததாரர் யார்? பணி முடிந்த தேதி எது?" இந்த மூணு கேள்வி போதும்.

4. சொத்து வரியைச் சீக்கிரம் கட்டுங்க. ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினா நகர்ப்புறங்களில் 5% ஊக்கத்தொகை, அதிகபட்சம் ரூ.5,000. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தா, நீங்க கட்டின சொத்து வரியை வாடகை வருமானத்தில் கழிச்சுக்கலாம்.

5. ஓட்டை இங்க மாத்துங்க. ஓட்டு சொந்த ஊர்ல, வாழ்க்கை இங்கன்னு இருந்தா எந்தக் கவுன்சிலரும் உங்களைக் கண்டுக்க மாட்டார். படிவம் 8-ல் முகவரி மாத்தலாம்.

6. இன்சூரன்ஸைச் சரி பாருங்க. வண்டிக்கு ஓன் டேமேஜ் கவர் இருக்கா, காருக்கு இன்ஜின் ப்ரொடெக்ட் இருக்கான்னு பாருங்க. வீட்டுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் வெள்ளமும் கவர் ஆகும்.

7. இன்னும் வீடு வாங்கலையா? மாடல் ஃபிளாட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, தெருமுனை டீக்கடையில் "2015-ல தண்ணி எங்க வரைக்கும் வந்துச்சு, 2023-ல எங்க வரைக்கும்?" என்று கேளுங்க. முடிஞ்சா நவம்பர், டிசம்பர் மழையில் போய்ப் பாருங்க. வெயில்ல எல்லா மனையும் மேடாத்தான் தெரியும்.

எஸ்ஐபி நிறுத்தச் சொல்லல, அது ஓடட்டும். ஆனா மாசம் ரூ.5,000 எஸ்ஐபி-க்கு நாலு வீடியோ பார்க்கிற நாம, மாசம் ரூ.41,000 போற இடத்துக்கு ஒரு மனுகூட எழுதலைன்னா அது சரியான நிதித் திட்டமிடல் இல்ல. 2022-ல் தேர்ந்தெடுத்த நகர்ப்புற உள்ளாட்சிகளோட 5 வருஷம் 2027 தொடக்கத்தில் முடியுது. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வர்றவங்ககிட்ட, உங்க தெருக் கணக்கைக் கையில வெச்சுட்டுப் பேசுங்க.

உங்க அபார்ட்மென்ட்ல தண்ணி லாரிக்கும் கழிவுநீர் லாரிக்கும் வீட்டுக்கு மாசம் எவ்வளவு போகுதுன்னு கணக்குப் போட்டு, ஏரியா பேரோட கமெண்ட்ல போடுங்க.