சுவரில் தொங்கும் அட்டை பிள்ளைகளின் அட்டையாகட்டும்

இடம்பெயர்ந்த குடும்பம் வயலையும் வீட்டையும் இழந்ததை ஊரறியும். அந்த வீட்டுப் பிள்ளை வாசிப்பை இழந்ததைப் பலர் அறிவதில்லை. ஒரு தவணை ஒரு பாடசாலையிலும் மறு தவணை வேறொன்றிலுமாகப் படித்த பிள்ளை, ஐந்தாம் ஆண்டுக்கு வந்தும் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறது. கட்டாயக் கல்விக்கான வயதெல்லை 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது நல்லதே. ஆனால் வகுப்பில் இருப்பதால் மட்டும் வாசிப்பு வந்துவிடாது.

இதற்குப் பரிகாரமாக அச்சிட்ட வண்ண அட்டைகளைப் பலர் அன்பளிப்புச் செய்கிறார்கள். சுவர் அழகாகிறது, இரண்டு கிழமையின் பின் எந்தப் பிள்ளையும் அவற்றைப் பார்ப்பதில்லை. வாசிப்பு அட்டை பாடம் நடக்கும்போதே, பிள்ளைகளின் கண்முன்னே, அவர்கள் சொல்லும் சொற்களால் எழுதப்படவேண்டும் என்பதே எமது கருத்து. தான் சொன்ன சொல் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியும். நாளை தடுமாறும்போது அதுவே சுவரைப் பார்த்துத் தெளிந்துகொள்ளும்.

இது புதிய எண்ணமல்ல. 1963 இல் பிறேசிலின் அங்கிக்கோஸ் என்னும் ஊரில், பாவுலோ பிரெய்ரே என்னும் கல்வியாளர் ஏறக்குறைய 300 தொழிலாளருக்குச் சுமார் 40 மணித்தியாலங்களில் எழுத வாசிக்கக் கற்பிக்கும் திட்டத்தை நடத்தினார். அவர்கள் நாளாந்தம் பயன்படுத்திய சொற்களை எடுத்து, அவற்றின் அசைகளை வரிசையாக எழுதிக் காட்டி, புதிய சொற்களை அவர்களே ஆக்கும்படி செய்தார்.

எமது உயிர்மெய் வரிசை இம்முறைக்கு நன்கு பொருந்துகிறது. வகர வரிசையை எடுத்துப் பாருங்கள்: வயல், வாய்க்கால், விதை, வீடு, வெங்காயம், வேலி, வைக்கோல். ஒரு கமக்காரனின் வாழ்வே அதில் இருக்கிறது. கொம்பு எழுத்துக்கு முன்னே நின்றாலும் அதன் ஒலி பின்னே வருவதை வெங்காயத்தையும் வேலியையும் கொண்டே விளக்கலாம். எமது பேச்சில் வாழையும் வாளையும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. மரத்தையும் மீனையும் வரைந்து, அருகே சொல்லை எழுதினால் எழுத்து வேறுபாடு மனதில் பதியும்.

எழுத்தோடு நின்றுவிடவும் கூடாது. யார்? எங்கே? என்ன நடந்தது? ஏன் நடந்தது? விளங்காத சொல் வந்தால் முன் வசனத்தைத் திரும்ப வாசி. இவற்றை எழுதிய அட்டை, வாசித்ததை விளங்கிக்கொள்ளப் பழக்கும். ஓர் அட்டையில் ஒரு விடயம் போதும். பிள்ளைகள் அதில் தேர்ந்ததும் கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டலாம்.

செலவுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். பழைய கலண்டரின் பின்பக்கமும் கழுவிக் காயவைத்த வெள்ளை உரப்பையும் போதும். மேலும் கீழும் ஒரு தடியைக் கட்டினால் சுருட்டி எடுக்கலாம். இன்னோர் இடத்துக்குப் போக நேர்ந்தாலும் பாடம் கூடவே வரும்.

பெற்றோரே, உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் இதில் உங்களுக்குப் பெரிய பங்குண்டு. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் என்ற நெல்லினங்களின் பெயர்கள், நீங்கள் விட்டுவந்த குளத்தின் பெயர், வயற்றுண்டின் பெயர் ஆகியவற்றைப் பிள்ளைக்குச் சொல்லிவிடுங்கள். ஊரைக் காணாத பிள்ளைக்கு அவை வகுப்பறைச் சுவரில் இருக்கட்டும்.

காணி அனுமதிப்பத்திரம், நட்டஈட்டுப் படிவம், கடன் பத்திரம் எனப் பல தாள்கள் உங்கள் கைக்கு வருகின்றன. வாசிப்பவர் இல்லாத வீட்டில், பிறர் காட்டிய இடத்தில் கையொப்பம் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் பிள்ளை அந்தத் தாளை உரத்து வாசித்து, அதன் பொருளையும் சொல்லக்கூடிய நாள் வரவேண்டும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியரிடம் இதைப்பற்றிப் பேசுங்கள். போகும்போது ஓர் உரப்பையையும் கையோடு கொண்டுபோங்கள்.