வழிகாட்டும் கருவிகள்

முன்பின் அறியாத ஊருக்குச் செல்லும் ஒருவன், எதிர்ப்படுவோரை வினவி வழி அறிதல் பழைய வழக்கம். இன்று அவ்வினாவிற்கு விடை கூறக் கருவிகள் வந்துவிட்டன. வழி காட்டுவதற்கென்றே செய்யப்பெற்றுக் காரின் முகப்பில் பொருத்தப்பெறுவது ஒரு வகை. எல்லார் கையிலும் விளங்கும் திறன்பேசி மற்றொரு வகை. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் வினா ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல ஆண்டுகளாக எழுந்து வருகின்றது. நெரிசல் மிகுந்த நகரத்திற்குத் திறன்பேசியே சிறந்தது என்பது என் கருத்து. ஆயினும், அச்சிறப்பு அக்கருவியினுள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

இரண்டிற்கும் பொதுவானதை முதலில் காண்போம். நிலத்திற்கு மேலே ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்க நாட்டின் செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. படைத்துறைக்காக நிறுவப்பெற்ற இவ்வமைப்பு 1995-ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. ஒவ்வொரு கோளும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் வானொலி அலைகளாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றது. நான்கு கோள்களின் அலைகளைப் பெறும் கருவி, அவை வந்து சேர்ந்த நேரத்தைக் கணக்கிட்டுத் தான் நிற்கும் இடத்தை அறிகின்றது. பொதுமக்களுக்குக் கிடைத்த அலைகளில் அந்நாட்டு அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. அதன் பின்னரே தெருத்தெருவாக வழி சொல்லும் சிறு கருவிகள் பெருகின.

செயற்கைக்கோள் நாம் நிற்கும் இடத்தை அறிய உதவும். நமக்கு முன்னே இருநூறு வண்டிகள் தேங்கி நிற்பதைச் சொல்லாது. அதை அறிவிக்க, ஐரோப்பாவில் பண்பலை வானொலியின் ஊடே காதுக்குக் கேளாத குறியீடுகளாகச் செய்திகளை அனுப்பினர். அவை பெரும்பாலும் பெருஞ்சாலைகளைப் பற்றியவை. காலந்தாழ்த்து வருவதும் உண்டு. 2007-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு டாம்டாம் நிறுவனம், மக்களின் கைப்பேசிகள் நகரும் வேகத்தைக் கொண்டு நெரிசலை அறியும் முறையைத் தொடங்கியது. தனிக்கருவி செய்தவர்களே கைப்பேசியின் துணையை நாடினர் என்பது கருதத்தக்கது. 2009-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் திறன்பேசியில் வழி காட்டும் பணியைக் கட்டணமின்றி வழங்கலாயிற்று. அச்செய்தி வந்ததும் டாம்டாம், கார்மின் ஆகிய கருவி நிறுவனங்களின் பங்கு விலை சரிந்தது.

திறன்பேசிக்கு நெரிசல் எவ்வாறு புலனாகின்றது? சாலையிற் செல்வோர் பலருடைய பேசிகள், தாம் இருக்கும் இடத்தையும் செல்லும் வேகத்தையும் நிறுவனத்தின் கணினிகளுக்கு உடனுக்குடன் தெரிவிக்கின்றன. ஒரே சாலையில் பல பேசிகள் ஊர்ந்து செல்லுமாயின், அச்சாலை படத்தில் சிவப்பாகத் தோன்றுகின்றது. சைமன் வெக்கர்ட் என்னும் ஜெர்மானியக் கலைஞர் 99 கைப்பேசிகளைச் சிறு இழுவண்டி ஒன்றில் நிரப்பிப் பெர்லின் நகரத் தெருக்களில் மெல்ல இழுத்துச் சென்றார். வண்டிகள் இல்லாத தெருவும் படத்தில் சிவந்தது! 2020-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இக்காட்சியைக் கண்டு உலகம் நகைத்தது. ஆனால், அது காட்டிய உண்மை பெரிது. வழி சொல்வது இயந்திரமன்று. முன்னே சென்றுகொண்டிருக்கும் மக்களே சொல்கின்றனர். தாம் செல்லும் இடமெல்லாம் பிறர் அறியுமாறு விடுவதே அவர்கள் அதற்குக் கொடுக்கும் விலை.

தனிக்கருவி பயனற்றது என்று எண்ணிவிடலாகாது. அலைக்கோபுரம் இல்லாத மலையிலும் பாலையிலும் திறன்பேசிக்கு நெரிசற் செய்தி எட்டாது. முன்னரே படத்தைச் சேமித்து வைத்திருந்தால்தான் வழியேனும் கிட்டும். தனிக்கருவியோ முழுப் படத்தையும் தன்னுள்ளே வைத்துள்ளது. லாரிகளுக்கென்றே செய்த கருவிகள் வண்டியின் உயரத்தையும் எடையையும் கருதித் தாழ்ந்த பாலங்களை விலக்கி வழி கூறுகின்றன. நெடுந்தொலைவு லாரி ஓட்டுவோர் அதனை விடாதிருப்பது அறிவுடைமையே.

திறன்பேசியின் வெற்றியால் வருந்தியவர்களும் உண்டு. அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் லியோனியா என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 9,000 பேர். நியூயார்க் நகருக்குச் செல்லும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் அதன் அருகே உள்ளது. பாலத்தை நாடிச் செல்லும் பெருஞ்சாலை அடைபட்ட போதெல்லாம், செயலிகள் வண்டிகளை இவ்வூரின் குறுந்தெருக்களில் திருப்பிவிட்டன. தம் வீட்டு வாயிலிலிருந்து காரை வெளியே எடுக்கவும் இயலாமல் மக்கள் இடர்ப்பட்டனர். 2018-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், காலையிலும் மாலையிலும் நெரிசல் மிகும் வேளைகளில் அயலூரார் ஏறத்தாழ 60 தெருக்களில் நுழையலாகாது என்று ஊர்மன்றம் விதித்தது. அவ்வாண்டிலேயே நீதிமன்றம் அவ்விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

சாலை எல்லார்க்கும் பொது என்பதை நான் மறுக்கவில்லை. பெருஞ்சாலையில் செல்வோன் சில நிமிடங்களை மீதப்படுத்த விரும்புவதிலும் தவறில்லை. ஆனால், ஒருவன் வழி கேட்டுத் தெருவில் நுழைவது வேறு. ஓராயிரம் வண்டிகளை ஒரு நிறுவனம் ஒரே வேளையில் அத்தெருவில் திருப்புவது வேறு. செயலியின் அறிவு மக்களிடமிருந்து பெற்றது. ஆதலின், பள்ளி தொடங்கும் வேளையில் இத்தெருவை விலக்குக என்று ஓர் ஊர்மன்றம் கேட்குமாயின், அதற்குச் செவிசாய்ப்பது நிறுவனத்தின் கருணையாக அன்றிக் கடமையாகவே இருத்தல் வேண்டும்.