மரக்கிளையும் பவளப்பாறையும்

சாம்பல் நிற அணில், பெரும்பாலும் மரங்களிலேயே வாழும் கொறிவிலங்கு. கூம்பு நத்தை, கடலடியில் மெல்ல ஊரும் மெல்லுடலி. முன்னது கிளைவிட்டுக் கிளை தாவிக் கனியும் விதையும் உண்ணும். பின்னது அம்பு போன்ற பல்லால் நஞ்சைச் செலுத்தி இரையைச் செயலிழக்கச் செய்யும்.

மக்கள் மதிப்பிலும் இவ்விரண்டும் ஒத்தவையல்ல. கண்ணைக் கவரும் அணிலுக்கெனத் திருவில்லிபுத்தூர் மலைப்பகுதி 1988இல் சரணாலயமாயிற்று. கூம்பு நத்தையோ ஓட்டின் அழகுக்காக மட்டுமே பலராலும் அறியப்படுகிறது. அவ்வினத்துள் ஒன்றன் நஞ்சைப் பின்பற்றி உருவாக்கப்பட்ட சிக்கோனோடைடு என்னும் மருந்து, கடும் வலியைத் தணிக்க 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

எனினும், அழகுக்காக அணிலையும் மருந்துக்காக நத்தையையும் காத்தல் வேண்டும் என்பது குறையுடைய கொள்கை. அழகும் அமையாத, பயனும் அறியப்படாத எண்ணற்ற உயிர்களை அது கைவிட்டுவிடும். அந்நத்தையின் பயனும் ஒருகாலத்தில் அறியப்படாததே.

கிளைத்தொடர் அறுந்தால் அணில் தரையிறங்கிப் பகைவிலங்குக்கு இரையாகும். பவளப்பாறை சிதைந்தால் நத்தை புகலிடம் இழக்கும். மன்னார் வளைகுடாத் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடற்பரப்பும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, எவரும் பெயர் சொல்லிக் கேளாமலே அங்குள்ள கூம்பு நத்தைக்கும் காவல் கிடைத்தது. ஆகவே, வாழிடத்தைக் காப்பதே முதற்கடமை. காடும் கடலும் சிதையாது நின்றால், அறிந்த உயிரும் அறியாத உயிரும் ஒருங்கே வாழும்.